ஹோல்ராய்டின் மாற்று ஆட்கள்

ஹார்ல்பெக் ஊரின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய சனிக்கிழமை ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளி இசை ஆசிரியரும் நகர இசைக்குழுவின் நடத்துநருமான டெஸ்மண்ட் ஹோல்ராய்ட், நடத்துநர் கோலைக் கையில் எடுத்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவதை முன்னிட்டு, அன்று ஒரு முழு சிம்பொனியை நடத்தவிருந்தார். இச்செய்தியை இரண்டு தேவாலயங்களின் அறிவிப்புப் பலகைகளிலும் மீன் வறுவல் கடைக் கண்ணாடியிலும் அவரே ஒட்டியிருந்தார்.

அவர் ஒட்டாத செய்தி ஒன்றும் உண்டு. நடத்துநர் யார் என்பதை மூன்றாண்டுக்கு ஒருமுறை இசைக்குழுவினர் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கச்சேரிக்கு அடுத்த திங்கட்கிழமை அந்த ஓட்டு. இதுவரை அவரை எதிர்த்து யாரும் நின்றதில்லை. இந்த முறை பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்மணி விண்ணப்பம் போட்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் டிரம்பெட் பெர்சி ஒத்திகையில் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவன், ஐம்பது வயது. பள்ளியில் அவரிடம் படித்த பாவத்துக்கு இன்னமும் "சார்."

"சனிக்கிழமை வர முடியாது சார். மச்சினிக்குக் கல்யாணம்."

"போன வருஷம்தானேடா உன் மச்சினிக்குக் கல்யாணம் ஆச்சு?"

"அது சரியா வரல சார். என் இடத்துக்கு லீட்ஸ் சிட்டிலருந்து ஒரு ஆள் போட்டுட்டேன்."

வர முடியாதவர் தானே ஒரு மாற்று ஆளைப் பிடித்துத் தரவேண்டும் என்பது ஊர் இசைக்குழுக்களின் வழக்கம். சட்டப்படி பெர்சி மேல் குற்றமில்லை. ஆனால் ஹோல்ராய்ட் சட்டத்தோடு நிற்கிறவர் இல்லை. கோலால் மேசையில் மூன்று தட்டுத் தட்டினார்.

"கேட்டுக்குங்க எல்லாரும்! இருபத்தஞ்சு வருஷமா இந்தக் குழுவோட மானம் உங்களாலதான் கப்பலேறுது. நல்ல ஆளுங்களா நாப்பது பேர் கெடைச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன். இனிமே ஒரு ஒத்திகைக்கு வராதவங்க, சனிக்கிழமையும் வரவேண்டாம்!"

அடுத்த ஒத்திகைக்குப் பத்தொன்பது பேர் வரவில்லை.

ஹோல்ராய்ட் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். பத்தொன்பது பேர் என்றால் பத்தொன்பது ஓட்டு. மறுநாளே ஒரு எலுமிச்சை கேக்கைத் தூக்கிக்கொண்டு முதல் வயலின் எனிட் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"கோவத்துல ஏதோ சொல்லிட்டேன் எனிட். நீ வந்துடு."

"ஐயோ, எனக்கென்ன கோவம்? ஆனா என் இடத்துக்கு ஆள் பிடிச்சாச்சே!"

"வேண்டாம்னு சொல்லிடேன்."

"கூப்பிட்டவங்கள வராதேன்னு சொல்றதா? நாங்க என்ன லண்டன்காரங்களா?" என்று சொல்லிவிட்டு, கேக்கை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு போனாள் எனிட்.

அவர் வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டது ஊரெல்லாம் பரவியது. சும்மா இருந்த மீதிப் பேரும், மன்னிப்புக் கேட்கவைக்க இதுதான் வழி என்று கண்டுகொண்டவர்கள்போல, ஆளாளுக்கு ஒரு நோயைத் தேடிக்கொண்டார்கள். கடைசி ஒத்திகைக்கு அவர் நுழைந்தபோது நாற்பது நாற்காலிகளிலும் லீட்ஸிலிருந்து வந்த நாற்பது அந்நியர்கள். தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான்: தேநீர்ப் பாத்திரத்தின் பின்னால் நின்ற காரியதரிசி மேவிஸ். பாதிரியாரிலிருந்து பக்கத்து வீட்டு நாய்வரை எல்லாரையும் "கண்ணு" என்று அழைப்பவள்.

"நம்ம ஆளுங்கல்லாம் எங்க மேவிஸ்?"

"தொண்டை, இடுப்பு, மச்சினி. நான் வாசிக்கிற செல்லோவுக்கும் ஆள் வந்திருக்கு கண்ணு. எனக்கு மணிக்கட்டு."

அப்போது அந்த நாற்பது பேரும் சுருதி சேர்த்தார்கள். நாற்பது வாத்தியமும் ஒரே சுருதியில் நின்றன. ஹோல்ராய்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேவிஸ், இத நான் கேட்டதே இல்ல!"

கலக்கமெல்லாம் பறந்தது. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு வாசித்தால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். கைதட்டிய ஊரை மீறி எவன் மாற்றி ஓட்டுப் போடுவான்? அந்த மகிழ்ச்சியில் தம் இசைக் கொள்கைகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். சிம்பொனியில் முதல் பக்கம் மட்டும் வாசிக்க நேரமிருந்தது.

சனிக்கிழமை நகர மண்டபம் நிரம்பி வழிந்தது. முன் மூன்று வரிசைகளில் அவருடைய இசைக்குழு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. மச்சினி கல்யாணத்துக்குப் போகவேண்டிய பெர்சி மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தான். 'வெட்கப்படட்டும்' என்று நினைத்துக் கோலை உயர்த்தினார் ஹோல்ராய்ட்.

விபரீதம் உடனே ஆரம்பித்தது. அவருடைய ஆட்கள் இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருநாளும் கோலைப் பார்த்ததில்லை. எனிட்டின் முழங்கையைப் பார்த்து எப்படியோ கரை சேர்ந்துவிடுவார்கள். வந்தவர்களோ முறையாகப் பயின்றவர்கள். கோலைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அது சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். அவர் வியர்வை துடைத்தபோது வேகம் பாதியானது. உணர்ச்சிவசப்பட்டுக் கையை வீசியபோது, வயலின்கள் தாலாட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஜால்ரா இடியாக விழுந்தது. மூன்றாம் பகுதியில் அவர் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்ட, நாற்பது பேரும் மரியாதையாக நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

ஒருவழியாக முடிந்ததும் மண்டபத்தில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. பிறகு முன் மூன்று வரிசைகள் மட்டும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தன. எனிட் பெர்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

தேநீர் மேசைக்குப் பாய்ந்து வந்தார் ஹோல்ராய்ட். சுற்றிலும் அவருடைய ஆட்கள், எல்லார் முகத்திலும் பரீட்சையில் தேறிய களை.

"பாத்தீங்களா லீட்ஸ்காரங்க லட்சணத்த? பேருதான் பெரிசு! உங்கள எவ்வளவோ திட்டியிருக்கேன், எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன். திங்கக்கிழமை ஓட்டுப் போடறப்ப ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்குங்க. நீங்க அவங்களுக்கு எந்த விதத்துலயும் கொறஞ்சவங்க இல்ல!"

மேவிஸ் அவர் கோப்பையில் பாலை ஊற்றினாள்.

"அதத் தெரிஞ்சுக்கத்தான் கண்ணு, அவங்களக் கூட்டிட்டு வந்தோம்."