சூரணத்தாரின் மருந்துப் பெட்டி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அந்தப் பெருமையோடு சொல்கிறேன்: இந்த இலண்டன் மாநகரத்தில் என் சாம்பிராணிப் புகைக்குக் கதவடைத்த ஒரே தமிழர் சூரணத்தார்தான்.

பெயர் வேறு. சூரணத்தார் என்பது நான் வைத்தது. வெம்பிளியில் எங்கள் வீட்டு மேல் அறைக்கு வாடகைக்கு வந்தவர், அறுபது வயதிருக்கும். அவரைக் கூட்டி வந்த என் மூத்த மகன், “அம்மா, அவர் மருந்து வைச்சிருக்கிறவர். பெட்டியைத் தொடாதேங்கோ” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடிவிட்டான்.

வந்த கிழமையே சுவரில் ஓர் இரும்பு அலுமாரியைப் பொருத்தினார். அடுத்து, தடித்த பலகையில் செய்த ஒரு பெட்டி வந்தது. உள்ளே சின்னச் சின்ன அறைகள். அதைப் பார்க்கப் பொலிஸ்காரி ஒருத்தி வந்து, தலையை ஆட்டி, என் தேத்தண்ணியையும் குடித்துவிட்டுப் போனாள். மருந்துப் பெட்டிக்குப் பொலிஸ் ஏன்?

“இஞ்சை எல்லாத்துக்கும் பேப்பர் வேணும், அக்கா” என்றார். அந்தப் பதிலை நான் நம்பவில்லை.

தை மாதக் குளிரில் ஹீற்றரை நிறுத்திவிட்டு மூன்று சுவெற்றரோடு இருந்தார். நெருப்புப் பெட்டியைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் விலகுவார். காலையில் தோட்டத்தில் உட்கார்ந்து, கரிய தூள் ஒன்றைப் பித்தளை அளவையால் அளந்து அளந்து குட்டிக் குப்பிகளில் போடுவார். ஒரு மணி சிந்தினாலும் பொறுக்குவார். ஆஸ்பத்திரிக்காரர் கைவிட்ட என் முழங்காலுக்கு இந்தச் சூரணம்தான் என்று முடிவு செய்தேன்.

“தம்பி, ஒரு கரண்டி தாங்கோவன். தேனிலை குழைச்சுத் தின்னுறன்.”

“ஐயோ அக்கா! உது தின்னுற மருந்தில்லை.”

“அப்ப பூசுறன்.”

“பூசவும் ஏலாது.”

“மணந்தாவது பாப்பம்?”

குப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே ஓடிவிட்டார். கஞ்சன்!

ஞாயிறுதோறும் ஒரு பையோடு போவார். கையும் மூக்கும் கறுத்துத் திரும்புவார். வந்ததும் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீரில் எதையோ தேய்ப்பார். சைவ வீடு முழுக்கக் கூழ்முட்டை நாற்றம்! எங்கேயோ களவாக வைத்தியம் செய்கிறார், நோயாளி செத்தால் பொலிஸ் என் வாசலுக்குத்தான் வரும் என்று கணக்குப் போட்டேன். அவர் அறைக்கு நேர் கீழேதான் என் இரண்டு பேரப்பிள்ளைகளும் படுக்கிறார்கள். இந்த மனிதரை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று தெரிந்தாக வேண்டும்.

வெள்ளி மாலைகளில் தூபக்காலில் தணல் போட்டு, அறை அறையாகச் சாம்பிராணி காட்டுவது என் வழக்கம். ஸ்மோக் அலாரமும் கூடவே தேவாரம் பாடும். சூரணத்தாரோ ஒவ்வொரு வெள்ளியும் கதவைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு வேண்டாம், அக்கா” என்பார். சாமிப் புகை ஆகாதவன் என்ன மனிதன்?

ஒரு வெள்ளி, அறைக்கதவு திறந்து கிடந்தது. அவர் குளியலறையில் தேய்த்துக்கொண்டிருந்தார். விடுவேனா? தணல் பறக்கப் பறக்க உள்ளே போய்ப் பலகைப் பெட்டியைக் குனிந்து பார்த்தேன்.

பின்னால் ஒரு கூக்குரல். அடுத்த கணம், கழுவிய கறுத்த தண்ணீர் பேசின் சட்டியோடு என் மேல். தூபக்கால் அணைந்தது. என் கூறைநாட்டுச் சேலையும் முடிந்தது.

“பைத்தியமோ உமக்கு?”

“பெட்டிக்குள்ளை மருந்து, அக்கா!”

“மருந்துக்கு ஏன் என்னைக் குளிப்பாட்டுறீர்?”

“துவக்கு மருந்து, அக்கா! துவக்கு மருந்து!”

அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். துவக்கு வெடிக்கிற சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவள் நான். அந்த மருந்துக்கே சாம்பிராணி காட்டியிருக்கிறேன்.

“வெடி கேட்டு ஓடி வந்த சனம் நாங்கள். உமக்கு ஏன் இந்த வேலை?”

“இது அந்தக் காலத்துக் கைத்துவக்கு, அக்கா. கிளப்பிலை கடதாசியைத்தான் சுடுறது. ஒருக்காச் சுட்டால், திரும்ப மருந்து போட்டு, குண்டு வைச்சு இடிச்சு முடிக்க எந்தக் கோவமும் ஆறிடும். எல்லாத் துவக்கும் இப்பிடி இருந்திருந்தால் நாங்கள் ஏன் இஞ்சை வாறம்?”

அவர் உடுப்பு அலுமாரியைத் திறந்து உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினார்.

“பெட்டி பூட்டுத்தான், அக்கா. மருந்தைப் பத்த வைக்கிற கேப்பும் வேறை இடத்திலைதான் கிடக்கு. எண்டாலும் கதவைத் திறந்து விட்டது என்ர பிழை. கீழை குழந்தையள் படுக்கிற வீடு. நான் வேறை இடம் பாக்கிறன்.”

கேட்காமலே தன் பிழையை ஒப்புக்கொண்ட ஆண்பிள்ளையை நான் அன்றுதான் கண்டேன்.

“பையை வையும், தம்பி. தன்ர சாமானுக்குத் தானே பயப்பிடுற மனிசன் மேலை இருந்தால்தான் எனக்குக் கீழை நித்திரை வரும்.”

நான்கு வருடம் இருந்தார். வெள்ளிதோறும் அவர் அறை வாசல்வரை போய்க் கதவுக் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பேன். ஒரு நாளாவது திறந்ததில்லை. போன மாசியில் மகளோடு இருக்கப் போய்விட்டார். இப்போது அங்கே கம்ப்யூட்டர் வேலைத் தம்பி ஒருவர். எதையும் பூட்டுவதில்லை. எனக்கு அவர்மேல் பெரிய சந்தேகம்.

“பிள்ளை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசிச்சுக் காட்டு. சூரணத்தாரை எங்கையாவது கூடப் பேசிப்போட்டன் எண்டால் சொல்லு, அந்த வரியை வெட்டிப்போடுவம்.”