புதினாவுக்கு விசிட்டிங் அவர்

ஐ.சி.யூ. அக்கா கைபட்டு ஒரு இணுக்குக் கொத்தமல்லிகூட அழுகியதாகப் பெங்களூர் சரித்திரத்திலேயே கிடையாது.

ஈஜிபுராவில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் நானும் அவரும் சேர்ந்து குடியிருந்தோம். அவருக்கு ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை. அங்கே பார்வையாளர்களை விரட்டிய பழக்கத்தில் எங்கள் ஃப்ரிட்ஜிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'விசிட்டிங் அவர் காலை 7, மாலை 7.' உள்ளே கொத்தமல்லி ஈரம் போகத் துடைக்கப்பட்டு, பழைய காட்டன் துணி போர்த்திப் படுத்திருக்கும். கறிவேப்பிலை எவர்சில்வர் டப்பாவில். புதினா மட்டும் டம்ளர் தண்ணீரில் நின்றபடி, தலையில் பிளாஸ்டிக் கவரோடு இருக்கும். அகாலத்தில் தயிர் எடுக்கப் போனால் உள்ளறையிலிருந்து குரல் வரும்.

"கதவ மூடும்மா. பசங்க தூங்கறாங்க."

கழுவி வைப்பதுதான் அக்காவின் சட்டத்தில் மகா குற்றம். கீரை வண்டிக்காரர் 'சொப்பூ, சொப்பூ' என்று கூவியபடி கட்டுகள் மேல் தண்ணீர் தெளிப்பார். அக்கா மாடியிலிருந்து அலறுவார்: "நீரு ஹாக்பேடப்பா! தண்ணி தெளிக்காதே, அழுகிடும்!" பாவம், அந்த மனிதர் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் செம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

இந்தச் சட்டத்தால் சொந்தத் தங்கையையே இழந்தவர் அக்கா. தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால், "கழுவிட்டா ஃப்ரிட்ஜுல வெச்ச? உனக்கு எதுக்குடி கல்யாணம்?" என்று கேட்டுவிட்டார். கல்யாணம் நடந்தது, அக்காவுக்குப் பத்திரிகை வரவில்லை. மூன்று வருஷம் பேச்சே இல்லை.

அப்படியிருக்க, ஒருநாள் தங்கை வாழ்க்கைப்பட்ட ஆனேக்கல்லிலிருந்து ஒரு கட்டுப் புதினா வந்தது. தங்கை தன் மொட்டைமாடித் தொட்டியில் வளர்த்தது. கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'ரெண்டு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை வரேன். அதுவரைக்கும் இது வாடாம இருந்தா பேசறேன்.'

அக்கா ஜெயித்துவிட்டதாகவே நினைத்தார். காலையில் டீயை ஆறவிட்டு, திறந்த ஃப்ரிட்ஜ் முன்னால் கண் சொருகி உட்கார்ந்திருப்பார். அந்தப் பச்சை வாசத்துக்குள் தங்கை நடந்து வருவதுபோல அவருக்குத் தோன்றுமாம்.

நான்காம் நாள் அவர் டியூட்டிக்குப் போயிருந்தார். என் ஆபீஸ் தோழிகள் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து குதித்தார்கள். ரைத்தாவுக்குப் புதினா வேண்டும் என்றார்கள். எந்தப் புதினா என்று யோசிக்காமல் ஒரு இலை விடாமல் உருவிப் போட்டேன், பாவி நான். ருசியாகத்தான் இருந்தது.

அக்கா வந்து டம்ளரைப் பார்த்தார். மொட்டைக் குச்சிகள். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ குச்சிகளைக் கொண்டுபோய் அடுப்படி ஜன்னலில் வைத்து, "மூச்சு இருக்கும்மா" என்றார்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் அந்த ஜன்னலில்தான் வாழ்ந்தோம். தினமும் தண்ணீர் மாற்றினோம். தூறல் விழும் காலைகளில் மங்கிய வெளிச்சம் டம்ளருக்குள் மெதுவாக இறங்கும். நூல் நூலாக வெள்ளை வேர் விட்டது. ஆபீஸ் பஸ்ஸில் கண்ணயர்ந்தால், ஈஜிபுரா மாடிகள் எல்லாம் புதினா படர்ந்து காற்றில் அசைவதாக எனக்குக் கனவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ஒவ்வொரு கணுவிலும் மிளகளவில் இரண்டு இலை.

தங்கை வந்தார். நேராக ஜன்னலுக்குப் போனார்.

"எங்கேக்கா நான் அனுப்புன இலை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "நீ வளர்த்ததாச்சே. ஆசை தாங்கல. நானே தின்னுட்டேன்டி."

தங்கை அவரையே பார்த்தார். உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"கழுவிட்டுத்தானே தின்ன?"

அடுப்படியே அதிர இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அக்கா ஆனேக்கல்லில், தங்கை வீட்டு மாடியில் குடியிருக்கிறார். நான் தொம்மலூரில். என் ஜன்னலிலும் ஒரு டம்ளர் இருக்கிறது, அந்தக் குச்சிகளின் வாரிசு. ரைத்தாவுக்குக் கடையில் வேறு புதினா வாங்கிக்கொள்கிறேன். இதிலிருந்து ஒரு இலையைக்கூட நான் இன்றுவரை கிள்ளியதில்லை.