தென்றல் வந்த ஞாயிற்றுக்கிழமை

ஆக்லாந்து,
மாசி 2.

தென்காசியில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஆவுடைநாயகம் அவர்களுக்கு, தங்கள் தங்கை சாந்தகுமாரியின் கணவன் பழனிவேல் பணிவான வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. மகன் ராம்பிரசாத் வீட்டில் நாங்கள் அனைவரும் நலம். என் தலையில் தோல் உரிந்த இடம்கூட ஆறிவிட்டது. அங்கே தங்கள் நலத்தையும், அக்காவின் முழங்கால் நலத்தையும், முக்கியமாகத் தங்கள் கோபத்தின் நலத்தையும் அறிய ஆசைப்படுகிறேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் முடிகிற காரியத்துக்கு இந்த ஆள் ஏன் தபால்தலை ஒட்டுகிறான் என்று நினைப்பீர்கள். மகள் ஸ்ருதியின் நிச்சயதார்த்தம் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை. அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்திருக்கிறீர்கள், பதில் மட்டும் இல்லை. தங்கை கூப்பிட்டால் எடுத்து, நல்லா இருக்கேன் என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறீர்களாம். தாய்மாமன் முன்னிலையில், வீடியோவிலாவது, தட்டு மாற்றுவது என்றுதான் ஏற்பாடு. நடுவில் லைன் போய்விட்டது. உங்களை வேண்டுமென்றே விலக்கிவிட்டுக் காரியத்தை முடித்துக்கொண்டோம் என்று நினைத்திருப்பீர்கள். ஸ்ருதியோ ஒரே பிடியாக நிற்கிறாள். "மாமா உங்ககிட்டப் பேசுற வரைக்கும் பத்திரிகை அடிக்கக் கூடாதுப்பா. அவர் வராம நான் மணையில உட்கார மாட்டேன்" என்கிறாள். கல்யாணம் ஆவணியில், இங்கேயே. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கோபப்படுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

தை பிறந்ததிலிருந்தே இங்கே வெயில். வாரம் முழுக்க ஊரே ஹீட் வேவ், ஹீட் வேவ் என்று புலம்பியது. எத்தனை டிகிரி என்று கேட்டேன், முப்பத்தொன்று என்றார்கள். எங்க ஊரில் முப்பத்தொன்று என்றால் சால்வை எடுப்போம்டா என்று ராம்பிரசாத்தைக் கேலி செய்தேன். கேலி செய்தது திங்கட்கிழமை. புதன்கிழமை நான் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மச்சான், இந்த வீடுகள் குளிருக்குக் கட்டியவை. மரச்சுவர், சுவருக்குள் பஞ்சு, தரையெல்லாம் கம்பளம், ஃபேன் மாட்ட விட்டத்தில் ஒரு கொக்கிகூடக் கிடையாது. ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். பொழுது எட்டரைக்குத்தான் சாயும். நம் ஊர் வெயில் வியர்க்க வைக்கும், இந்த ஊர் வெயில் தோலை உரிக்கும். துணி காயப்போடப் போன பத்து நிமிஷத்தில் என் வழுக்கை சுட்ட கத்திரிக்காயாகிவிட்டது. உங்கள் தங்கை சமையலறையில் கம்பளம் இல்லாத இடமாகப் பார்த்துப் பாயை விரித்து, அங்கே படுத்தபடியே நிச்சயதார்த்த வேலைகளை நிர்வாகம் செய்தாள். ஃபேன் வாங்க வெஸ்ட்கேட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஃபேன் இருந்த அலமாரியிலெல்லாம் ஹீட்டர்தான் மிச்சம். சாயங்காலமானால் இடி இடிக்கும், நாலு துளி விழும், புழுக்கம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

கடைசியில் ஃபேன் கொண்டுவந்து தந்தவர் மாப்பிள்ளை வசீகரனின் அப்பா குணரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறது, விரி என்கிற இடத்தில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். கிடங்கில் சும்மா கிடந்த பெரிய ஃபேனை வேனில் ஏற்றி வந்தார். போட்டால் விமானம் கிளம்புகிற சத்தம். அதன் முன்னால் உட்கார்ந்து இருவரும் வெகுநேரம் பேசினோம். அவர் கதைக்கிறது என்பார், நான் பேசுறது என்பேன், சத்தத்தில் இரண்டும் கேட்காது, அதனால் கருத்து வேறுபாடு எதுவும் வரவில்லை. புதுச் சம்பந்தி அல்லவா, ஒருவருக்கொருவர் அவ்வளவு மரியாதை. அவர் எது சொன்னாலும் நான் ஆமா, நான் எது சொன்னாலும் அவர் ஓம். வந்த வினை முழுவதும் இந்த மரியாதையால் வந்தது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

விசேஷத்துக்கு ஒனிஹங்கா பக்கம் ஒரு ஹால் பிடித்திருந்தோம். வியாழக்கிழமை போய்ப் பார்த்தால் தகரக் கூரை, ஏசி கிடையாது, உள்ளே போன நான் அப்பளமாகப் பொரிந்து வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து கவலையோடு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். வானிலை சொல்கிற பெண் படத்தில் கீழேயிருந்து மேலே நீல அம்புகளாக இழுத்து, ஞாயிற்றுக்கிழமை கோல்ட் ஃப்ரண்ட், சதர்லி என்றாள். சதர்லி என்றால் தெற்கிலிருந்து வருகிற காற்று. முப்பந்தல் காற்றாலையில் இருபத்தாறு வருஷம் காற்றோடு குப்பை கொட்டியவன் நான். தெற்கிலிருந்து வருகிற காற்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து நின்றே சொன்னேன். "தென்றல் வருது. ஹால் வேண்டாம். வீட்டுலயே பந்தல் போட்டுருவோம்." உங்கள் தங்கை பாயிலிருந்து தலையைத் தூக்கி, ஃப்ரண்ட்டுதான் கோல்டா இருக்கும்னு அந்தப் பொண்ணே சொல்றாளே, பந்தலை வீட்டுக்கு முன்னாலயே போடுங்க என்றாள். ராம்பிரசாத் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு அப்பாவின் அனுபவத்தை மதித்து மூடிக்கொண்டான். குணரத்தினத்துக்குப் போன் போட்டேன். தென்றல் என்று சொன்னதும், தென்றலோ என்று ஒருமுறை திருப்பிக் கேட்டார். பிறகு, ஓம், நீங்கள் சொன்னால் சரி என்றார். அவர் மனைவி யோகராணி அம்மா, ஹோலை விடாதேங்கோ என்று பின்னாலிருந்து சொன்னது எனக்கும் கேட்டது. ஹாலை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அதே வெயில். வாடகைக்கு எடுத்த மடக்குப் பந்தலை, இங்கே கசீபோ என்கிறார்கள், நானும் சம்பந்தியும் படத்தைப் பார்த்துப் பார்த்து நிறுத்தினோம். கயிறு கட்ட எட்டு ஆணி கொடுத்திருந்தார்கள். தென்றலுக்கு எதற்கு எட்டு என்று நான் நாலோடு நிறுத்தினேன், அவர் ஓம் என்றார். அப்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். எங்கள் கல்யாணத்தில் பந்தல்காரனோடு நீங்கள் போட்ட சண்டை தென்காசி முழுக்கத் தெரியும். கட்டின பந்தலை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வைத்தீர்கள். முகூர்த்த நேரத்தில் கொட்டின மழையில் மணைமேல் ஒரு சொட்டு விழவில்லை.

நல்ல நேரம் மூன்றேகாலுக்கு. மூன்று மணிக்கே ராம்பிரசாத்தின் போனில் உங்களைக் கூப்பிட்டோம். அங்கே காலை ஏழரை. நீங்கள் குளித்துத் திருநீறு பூசி, பட்டு வேட்டி கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தீர்கள். உங்களை ஒரு ஸ்டூல் மேல் சபையைப் பார்த்து நிறுத்தி வைத்தோம். மூன்று பத்துக்குத் தெற்கே வானம் கரிச்சட்டியாக மாறியது. அதோ வருது பாருங்க என்று நான்தான் எல்லோருக்கும் கை நீட்டிக் காட்டினேன். வந்தது தென்றல் இல்லை மச்சான். முப்பந்தலில் அந்தக் காற்று அடித்திருந்தால் மூன்று மாவட்டத்துக்குக் கரண்ட் கொடுத்திருப்பேன். கசீபோ நாலு ஆணியையும் பிடுங்கிக்கொண்டு கிளம்பி, பக்கத்து வீட்டு மரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. பின்னாலேயே இடி, அதன் பின்னால் ஆலங்கட்டி மழை, ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. கேசரியில் ஐஸ் விழுந்து பார்த்தது நாங்களாகத்தான் இருக்கும். அரை மணியில் முப்பது டிகிரி பதினாறுக்கு இறங்கியது. எல்லோரும் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள் ஓடினோம். நான் தூக்கியது உங்களைத்தான். நனையக் கூடாதே என்று வெற்றிலைபாக்கு இருந்த மஞ்சப்பைக்குள் போனைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே போய்ச் சேர்வதற்குள் ஒரு மின்னல். கரண்ட் போச்சு, வைஃபை போச்சு, அதோடு உங்கள் லைனும் போச்சு. விசேஷம் முடிந்து பையிலிருந்து எடுத்தால் போன் செத்துக் கிடந்தது. உங்களை விலக்கியது வானமே தவிர நாங்கள் இல்லை.

கராஜில் நாற்பது பேர், ஒரு புல்வெட்டும் மிஷின், பெயின்ட் டப்பாக்கள். கதவு கரண்டில் ஏறி இறங்குவது, பாதியில் நின்றுவிட்டது, அதன் கீழ்வழியாகச் சதர்லி தாராளமாக வந்துகொண்டிருந்தது. பட்டும் ஜரிகையுமாக வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். யோகராணி அம்மா மரத்தில் தொங்கிய கசீபோவையே பார்த்துக்கொண்டு பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தார். நல்ல காரியத்தில் பந்தல் பறந்தால் நம் பக்கம் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஸ்ருதி கண் கலங்கி நிற்கிறாள். என் ஒரு சொல்லால் பிள்ளையின் சம்பந்தம் போகப் போகிறதே என்று நின்றேன். அந்த அம்மா எழுந்தார். அவர்கள் கொண்டுவந்த தட்டிலிருந்து, சம்பந்திக்கென்று மடித்து வைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்து உதறி, வெடவெடத்துக்கொண்டிருந்த உங்கள் தங்கையின் தோளில் போர்த்தினார். "முதல்ல இதைப் போர்த்துங்கோ. நாள் நல்ல நாள்தான், காத்துத்தான் சரியில்லை" என்றார். கராஜே சிரித்தது. அப்புறம் இரண்டு பக்கத்துப் புடவை வேட்டியெல்லாம் போர்வையாகிவிட்டன. டீப் ஃப்ரீஸர் மேல் வைத்துத் தட்டு மாற்றும்போது தட்டில் தேங்காயும் பழமும்தான் மிச்சம் இருந்தன.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் குணரத்தினம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். "சதர்லி எண்டால் குளிர்காத்து எண்டு எனக்கு முப்பது வருசமாத் தெரியும். பொம்பிளையின்ர தகப்பன் ஆசையா ஒரு விசயம் சொல்லேக்க மறுத்துக் கதைக்கிறது மரியாதை இல்லை எண்டு விட்டிட்டன்." ராம்பிரசாத்துக்கும் தெரியுமாம். இந்த ஊருக்குத் தெற்கே பொதிகை மலை இல்லை மச்சான், பனிக்கண்டம்தான் இருக்கிறது. நடுவில் தடுக்க ஒரு பனைமரம் கிடையாது. தெரிந்தவர்கள் எல்லோரும் மரியாதைக்காகச் சும்மா இருந்தார்கள். பிறகு சம்பந்தி உங்களைப் பற்றிக் கேட்டார். மச்சான் இல்லாதது எனக்குக் கையொடிந்த மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. தவறு என்னுடையது, காற்றினுடையது. ஸ்ருதிக்கு ஒரு போன் செய்யுங்கள். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவள் கண் கலங்கக் கூடாது. அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் பேரப்பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல பந்தலின் கீழும் வாழ ஆசீர்வதிக்கிறேன். இனி காற்றைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று காசி விசுவநாதரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கு ஏங்கும்
பழனிவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் ராம்பிரசாத் போனை நீட்டிக்கொண்டு வந்தான். அன்றைக்கு லைன் போகவே இல்லையாம். வைஃபை போனால் அதுவே மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுமாம். அழைப்பு நீடித்தது ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று அதில் இருக்கிறது. கடைசியிலும் நீங்கள் வைக்கவில்லை, சார்ஜ் தீர்ந்துதான் நின்றிருக்கிறது. அப்படியென்றால் என் தோளில், மஞ்சப்பைக்குள், நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். ஆகவே கையொடிந்த மாதிரி என்று மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். நான் சம்பந்தியிடம் சொன்னது, "லைன் கட்டானது ஒரு வகைல நல்லதுதான். எங்க மச்சானுக்கு யாரோடயாவது சண்டை போடாம ஒரு விசேஷமும் செமிக்காது" என்பதுதான். நான் சொன்னதும் நீங்கள் கேட்டதும் ஒன்றே. அதைக் கேட்ட பிறகும், இருட்டையும் வெற்றிலையையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைக்குத் தட்டு மாற்றுகிற வரைக்கும் நீங்கள் போனை வைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது மச்சான். ஆவணிக்குப் பந்தல்காரன் ஒருத்தனைப் பேசி வைத்திருக்கிறோம். எத்தனை ஆணி அடிப்பான் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நாங்கள் ஆமா, அவர்கள் ஓம். இல்லை என்று சொல்ல இந்தக் குடும்பத்தில் உங்களை விட்டால் ஆள் கிடையாது. சண்டை போட வாருங்கள்.