பேஸ்போல்காரன்ரை கொன்ட்ராத்தோவும் என்ரை கொன்ட்ராத்தோவும்

போன மாதம் எனக்கிருந்தது ஒரேயொரு வேலை. என்ரை முதலாளியம்மா சிஞ்ஞோரா ரோசாவோடை புது வேலை ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்கவேணும். கொன்ட்ராத்தோ எண்டு இஞ்சை சொல்லுறது. அஞ்சு நிமிச அலுவல்.

போர்கோ வெக்கியோவிலை சிஞ்ஞோராவின்ரை தகப்பன் டொன் நீனோவைப் பார்க்கிறதுதான் என்ரை வேலை. எண்பத்தெட்டு வயசு. நாற்பது வருசம் நியூயோர்க்கிலை பாண் போட்டவர். திரும்பி வரேக்கை முழங்கால் நோவும் பேஸ்போல் பைத்தியமும் கொண்டுவந்தார். நோவை அவர் வைச்சுக்கொண்டார். பைத்தியத்தை எனக்குத் தந்துபோட்டார்.

முதல்நாள் ஆட்டத்தைக் காலமை போட்டுப் பார்ப்பம். அவருக்குக் கண் மங்கல். அதாலை பார்க்கிறது நான், ஏசுறது ரெண்டுபேரும்.

இந்த வருசம் எங்கடை நியூயோர்க் அணி ஒருத்தனைப் பத்து வருசத்துக்கு வாங்கினது. பேப்பரிலை போட்டிருந்த சைபருகளை எண்ண எனக்கு விரல் காணேல்லை. மூண்டாம் கிழமையே அவனுக்குத் தொடை பிடிச்சுக்கொண்டுது. இப்ப மைதான ஓரத்து வாங்கிலை இருந்து சூரியகாந்தி விதை கொறிச்சுக் கோதைத் துப்புறான். சம்பளத்திலை ஒரு சதமும் குறையாதாம். நான் காய்ச்சலோடை நிலம் துடைச்சவன். அவனை மன்னிக்கிற எண்ணம் எனக்கில்லை.

டொன் நீனோ சொன்னார்: "சம்பளத்தை விடு சிவா. அவன்ரை கொன்ட்ராத்தோவிலை ஒரு பிரிவு இருக்கு. அவன் ஓமெண்டு சொல்லாமல் அவனை வேறை அணிக்குக் குடுக்கேலாது."

நான் ஆட்டத்தை நிப்பாட்டினன்.

ஏனெண்டால் என்னைக் குடுக்கிறவை. கிழமையிலை ரெண்டு நாள் சிஞ்ஞோரா என்னைத் தன்ரை தங்கச்சி பினா வீட்டுக்கு அனுப்புவா. அது பிரான்காச்சோப் பக்கம். ரெண்டு பஸ், நாலாம் மாடி, லிஃப்ட் ஓடாது. அந்தப் பினா நாலு வருசத்துக்கு முன்னம், நான் துடைச்ச யன்னல் கண்ணாடியிலை விரலாலை கோடு கீறி விருந்துக்கு வந்தவைக்குக் காட்டினவ. சிரிச்சது ஏழு பேர்.

மனுசியிட்டைச் சொன்னன்.

"இஞ்சாருங்கோ, அவனுக்கு இருபத்தேழு வயசு. உங்களுக்கு அறுபத்துமூண்டு. உங்களைப் பறிச்சுக்கொண்டு போக எந்த அணி வரிசையிலை நிக்குது? வாயைப் பொத்திக்கொண்டு கையெழுத்தை வைச்சிட்டு வாங்கோ."

"ஓம் ஓம்" எண்டு சொல்லிப்போட்டுப் போனன்.

டொன் நீனோ வீட்டிலை வைச்சுச் சிஞ்ஞோரா பேனையை நீட்டினா. நான் தொடேல்லை.

"ஒரு பிரிவு சேர்க்கவேணும். நான் சம்மதமெண்டு எழுதித் தராமல் என்னை வேறை வீட்டுக்கு அனுப்பக்கூடாது."

"இதை ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?"

உள்ளையிருந்து டொன் நீனோ கத்தினார்: "நான்தான் அவன்ரை ஏஜென்ட்."

"பப்பா, பேசாமல் இருங்கோ."

"பிரிவு இல்லாட்டி எனக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டாம்."

தகப்பன் சாப்பிடாட்டிச் சிஞ்ஞோராவுக்குக் கை கால் ஓடாது. எழுதினா. கையெழுத்தும் வைச்சம்.

அடுத்த புதன் பினா போன் எடுத்தா. "வரேலாது, கொன்ட்ராத்தோ" எண்டு சொல்லி வைச்சன். அப்பிடியொரு சுகம்.

மூண்டாம் கிழமை டொன் நீனோ வீட்டுக் குளியலறைக் குழாய் வெடிச்சுது. அரைவாசி வீட்டை உடைக்கவேணும், மூண்டு மாத வேலை எண்டு மேசன் சொன்னான். டொன் நீனோவைப் பினா வீட்டிலை விடுறதெண்டு முடிவாச்சு. கட்டிலும் டிவியும் லொறியிலை ஏறிச்சுது. நானும் ஏறப்போனன்.

"நீ எங்கை?" எண்டா சிஞ்ஞோரா.

"டொன் நீனோவோடை."

"அது வேறை வீடு சிவா. பிரிவு இருக்கு. பினா ஒரு பொம்பிளையை ஒழுங்கு பண்ணிப்போட்டா."

"அப்ப என்ரை வேலை?"

முன் சீற்றிலை இருந்த டொன் நீனோ கேட்டார்: "அவளுக்குப் பேஸ்போல் தெரியுமோ?"

"தெரியாது பப்பா."

"அப்ப எனக்கு ஆர் பார்த்துச் சொல்லுறது?"

"எழுதித் தந்தால் நான் வரலாம்தானே?" எண்டன்.

"அது இப்ப என்ரை கையிலை இல்லை. பினாவிட்டைக் கேள்."

ரெண்டு பஸ். நாலு மாடி. கதவைத் திறந்த பினா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"கொன்ட்ராத்தோ எண்டாய்?"

"எழுதித் தாறன் சிஞ்ஞோரா."

குசினி மேசையிலை இருத்தி எழுத வைச்சா. சத்தமாய் வாசிக்கச் சொன்னா. கேட்டிட்டு, "முழு விருப்பத்தோடை எண்டு இதிலை இல்லை" எண்டு கிழிச்சுப்போட்டா. திரும்ப எழுதினன்.

முந்திப் பிரான்காச்சோ கிழமையிலை ரெண்டு நாள்; இப்ப ஆறு நாள், என்ரை முழு விருப்பத்தோடை.