நாற்பதாயிரம் கரடிகளும் ஒரு கண்ணும்

குட்டி நாய் மிளகு கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தது. மறுபடியும் உள்ளே. மறுபடியும் உள்ளே. வெளியே விடுவதாகக் காணோம். தண்ணீர் வற்றிய பம்பு மாதிரி ஒரு சத்தம் வீடெல்லாம் கேட்டது.

குழாய் சார் வாயில் பற்பசை நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார். நாய்க்கூடைக்குப் பக்கத்தில் ஒரு கரடி பொம்மை மல்லாந்து கிடந்தது. அதற்கு ஒரு கண்தான் இருந்தது.

நுரையை அப்படியே விழுங்கிவிட்டார்.

அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் நாய் எங்கேயும் போய்விடாது. அவர் பொம்மைத் தொழிற்சாலையில் பாதுகாப்புச் சோதகர். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனான ஒரு பிளாஸ்டிக் குழாய் எப்போதும் அவர் பேன்ட் பையில் இருக்கும். அது சின்னக் குழந்தையின் தொண்டை அளவு. பொம்மையிலிருந்து கழன்று வரும் சாமான் அந்தக் குழாய்க்குள் போனால் குழந்தையின் தொண்டைக்குள்ளும் போகும் என்று அர்த்தம். அந்தப் பொம்மைக்கு அவர் கையெழுத்துப் போடமாட்டார். தூசி படக்கூடாதென்று குழாய்க்கு ஒரு மூடி வேறு போட்டு வைத்திருந்தார்.

இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. வீட்டிலும் விட்டபாடில்லை. சட்டைப் பொத்தான், பேனா மூடி, மனைவியின் தோடு எல்லாம் குழாய்க்குள் போய்வந்தவைதான். அந்த வீட்டில் திராட்சைப் பழத்தை நாலாக நறுக்கித்தான் சாப்பிட வேண்டும். விருந்தாளிகளுக்கும் அதே சட்டம்தான்.

இந்தக் கரடியோடு மட்டும் மூன்று மாதம் மல்லுக்கட்டினார். கண்ணை இயந்திரத்தில் மாட்டி இழுத்தார். வெந்நீரில் போட்டார். உறைபெட்டியில் வைத்தார். கண் அசையவே இல்லை. முந்தாநாள்தான் மனசு வந்து கையெழுத்துப் போட்டார். மொத்தம் நாற்பதாயிரம் கரடி. நேற்று சாயங்காலம் அதில் ஒன்றைக் கொண்டுவந்து, தானே நாய்க்கூடையில் போட்டார்.

"இதைவிடப் பத்திரமான பொம்மை உலகத்துலயே கிடையாது. நான் பொறுப்பு" என்றார் மனைவியிடம்.

அவள் கரடியைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், பெட்டி அடுக்கப் போய்விட்டாள். விடியற்காலையில் அவர் எழுந்திருப்பதற்கு முன்பே தங்கையைப் பார்க்க ரயிலேறியும் விட்டாள். பன்னிரண்டு மணி நேரப் பயணம். வழியெல்லாம் மலை, செல்போன் எடுக்காது.

ஆக, வீட்டில் இப்போது குழாய் சார், மூச்சு முட்டும் நாய், ஒற்றைக்கண் கரடி மட்டும்தான்.

"வாயைத் திற மிளகு. திறடா கண்ணு" என்று கெஞ்சி, விரலை உள்ளே விட்டார். மிளகு கடித்தது. அவர் விரலை உதறினார். அதே நொடியில் நாய்க்குச் சத்தம் நின்றது. ஒன்றுமே நடக்காத மாதிரி அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

"முழுங்கிட்டியா?"

வால் இன்னும் வேகமாக ஆடியது. பிறகு கழுத்து நீண்டது. பம்பு மறுபடி ஓட ஆரம்பித்தது.

அவர் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். மாடிவீட்டுக்காரர் தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வேலையும் இல்லாமல் காத்திருந்தவர், இரண்டே எட்டில் கீழே வந்தார்.

"தலைகீழா பிடிங்க சார். முதுகுல தட்டணும். நாங்க ஆட்களுக்கே செஞ்சிருக்கோம்."

"ஆட்கள் பிழைச்சாங்களா?"

"பாதிக்குப் பாதி."

குழாய் சார் பின்னங்கால்களைப் பிடித்துத் தூக்கினார். மாடிவீட்டுக்காரர் தட்டினார். மிளகு காலையில் தின்றதையெல்லாம் சோபாமேல் கொட்டியது. இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

"ரொட்டிதான் இருக்கு."

"நல்லாக் கிளறிப் பாருங்க. கறுப்பா, பளபளன்னு இருக்கும்."

"நீங்களே கிளறுங்க சார். நான் நெருப்புக்குள்ள போவேன், இதுக்குள்ள எல்லாம் போகமாட்டேன்."

சார் கிளறினார். ரொட்டிதான். மாடிவீட்டுக்காரர் கை கழுவிவிட்டு வந்து கரடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டை என்னமோ கத்திரிச்ச மாதிரி சுத்தமா இருக்கே."

"நாய்ப்பல் அப்படித்தான் இருக்கும். பிளேடு மாதிரி" என்றார் சார். கடிபட்ட விரலையும் சாட்சிக்குக் காட்டினார்.

இதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு நாய்க்குப் பிடுங்க வந்தால் ஒரு குழந்தைக்கும் பிடுங்க வரும். நாற்பதாயிரம் கரடி, எண்பதாயிரம் கண். எங்கெங்கேயோ எந்தெந்த வீட்டிலோ தொட்டிலுக்குப் பக்கத்தில் இதே சத்தம் கேட்கப்போகிறது. அங்கே வாலை ஆட்ட யாரும் இருக்கமாட்டார்கள். கரடிகளை ஏற்றும் கப்பல் பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்புகிறது. மணி ஒன்பதேகால்.

மேனேஜருக்குப் போன் போட்டார்.

"லாரியைத் திருப்பச் சொல்லுங்க."

"சார், லாரி எல்லாம் துறைமுக வாசல்ல நிக்குது. விளையாடாதீங்க."

"கண்ணு கழண்டு வருது. எங்க வீட்டு நாய் முழுங்கிடுச்சு."

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நான்தான்."

"இப்ப நீங்களே வேண்டாங்கறீங்க."

"ஆமா."

"உறுதியாத் தெரியுமா?"

சார் நாயைப் பார்த்தார். நாய் கிர்ரென்று இழுத்தது. "உறுதி" என்றார்.

"சரி. திருப்பிடறேன். ஆனா ஒண்ணு. அந்தக் கண்ணை என் மேஜைமேல கொண்டுவந்து வைங்க. கண்ணு வந்தா கரடி தப்பு. வரலைன்னா நீங்க தப்பு."

சார் கதவுக்குப் பின்னால் தொங்கிய பேன்ட்டை மாட்டிக்கொண்டு, மிளகைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஓடும்போது பையில் ஏதோ கிலுகிலுத்தது. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்த பிறகும், பள்ளம் வரும்போதெல்லாம் கிலுகிலுத்தது.

"என்னமோ உருளுதே சார்" என்றார் டிரைவர்.

"சாவி. நீங்க ரோட்டைப் பாருங்க."

மிளகு துண்டுக்குள்ளிருந்து மூக்கை நீட்டி அவர் பேன்ட் பையை மோந்து மோந்து பார்த்தது. அவர் மூக்கைத் தள்ளிவிட்டார். "உயிர் ஊசலாடுது, இப்பக்கூடத் தீனி கேக்குது பாருங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கால்நடை டாக்டர் ஐம்பது வயது அம்மா. அதட்டித்தான் பேசத் தெரியும் அவருக்கு.

"விரலை விட்டீங்களா? உள்ள ஏதாவது இருந்திருந்தா இன்னும் ஆழமாத் தள்ளியிருப்பீங்க. கண்ணுக்குத் தெரியாம வாய்க்குள்ள கையே விடக் கூடாது."

"தலைகீழாவும் பிடிச்சோம் டாக்டர்."

"ரொம்ப நல்லா இருக்கு."

அவர் மிளகின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஈறு நல்ல சிவப்பா இருக்கு. மூச்சு அடைச்சிருந்தா நீலமாயிருக்கும். வாயைக் காலாலப் பிறாண்டியிருக்கும். மயங்கி விழுந்திருக்கும். இது அப்படியா இருக்கு?"

மிளகு மேஜைமேல் நின்று நர்ஸின் கையை நக்கிக்கொண்டிருந்தது. நக்கிய சந்தோஷத்தில் மறுபடி பம்பு ஓடியது. டாக்டர் பதறவில்லை. இரண்டு விரலால் அதன் தொண்டையை மெல்லத் தடவிக்கொடுத்தார். எண்ணிப் பத்துக்குள் நின்றுவிட்டது.

"இவ்வளவுதான். தும்மல் வெளிய போறதுக்குப் பதிலா உள்ள போகுது. சின்ன நாய்ங்களுக்கு அடிக்கடி வரும். தூசிக்கு வரும், சென்ட் வாசனைக்கு வரும், ரொம்பச் சந்தோஷம்னாக்கூட வரும். கொஞ்சத்துல தானா நின்னுடும். அடிக்கடி வந்தாலோ, நிக்காம இழுத்தாலோ கூட்டிட்டு வாங்க. தலைகீழா மட்டும் பிடிக்காதீங்க."

"அப்ப கண்ணு?"

"எந்தக் கண்ணு?"

விஷயத்தைக் கேட்ட டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். கரடிக் கண்ணுக்குப் பின்னால் ஒரு இரும்பு வளையம் உண்டு. உள்ளே இருந்தால் வெள்ளை வெளேரென்று தெரியும். சார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டார். என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. இருந்தால் நாய்க்கு ஆபத்து. இல்லாவிட்டால் அவருக்கு ஆபத்து.

படம் வந்தது. தொண்டை சுத்தம். வயிறு சுத்தம். குடல் சுத்தம்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நாயைத் தூக்கி முத்தம் கொடுத்திருப்பார்கள். சாரும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இன்னொரு தரம் நல்லாப் பாருங்க டாக்டர். ஏதாவது மூலையில?" என்றார்.

"வயித்துல மூலை கிடையாது சார்."

"ஒரு சின்ன வளையம். நிழல் மாதிரியாவது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க நாய் நல்லா இருக்குன்னு சொல்றேன். அதுக்கு அழறவரை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் தேடல் ஆரம்பமானது. சோபாவைக் கவிழ்த்தார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். குப்பைக்கூடையைத் தாளில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன மனைவியின் தோடு கிடைத்தது. கண் கிடைக்கவில்லை. மாடிவீட்டுக்காரர் ஒரு டார்ச்சோடு வந்து அரைமணி நேரம் உதவி செய்தார். குளியலறை வடிகாலைக் கழற்றினார், திரும்ப மாட்டத் தெரியாமல் மேலே போய்விட்டார். மிளகு இருவர் பின்னாலும் குதித்துக் குதித்து ஓடியது. அதன் ஆயுசில் இப்படி ஒரு நல்ல நாளே வந்ததில்லை. சந்தோஷத்தில் மூன்று தடவை மூச்சு உள்ளே இழுத்தது. மூன்று தடவையும் சார் தவழ்ந்த வாக்கிலேயே தொண்டையைத் தடவிக்கொடுத்தார்.

நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார்.

"கப்பல் போயிடுச்சு."

"தெரியும் சார்."

"கரடியெல்லாம் இங்க தரையில குவிஞ்சு கிடக்கு. லீவுல இருந்தவங்களை எல்லாம் கூப்பிட்டு முன்னூறு கரடியை இழுத்துப் பாத்தாச்சு. ஒரு கண்ணும் வரலை. முன்னூத்தி ஒண்ணாவதுல இயந்திரம்தான் உடைஞ்சுது." குரல் தணிந்தது. திட்டியிருந்தால் சாருக்கு இன்னும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "கண்ணு கிடைச்சுதா?"

"நாய்க்குள்ள இல்லை. வீட்டுலயும் இல்லை."

"அப்ப அந்தக் கரடிக்கு மட்டும் எப்படிப் போச்சு?"

"தெரியலை சார்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. போனை வைத்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த சோபாவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். வேலை போனால் போகட்டும். அது இல்லை இப்போது வலித்தது. அத்தனை கவனமாகப் பார்த்தும் ஏதோ ஒன்று தன் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. எது, எப்படி என்றுகூடத் தெரியவில்லை. இதுவரை போட்ட கையெழுத்தில் இன்னும் எத்தனை இப்படியோ. இனிமேல் ஒரு கிலுகிலுப்பையைக்கூட நம்பி ஒரு குழந்தை கையில் கொடுக்க முடியாது. அவர் வாய்விட்டு அழுதார். மிளகு மடியில் ஏறி, கன்னத்தை நக்கி, பிறகு பேன்ட் பையை மோந்து, அங்கேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

ஐந்தரை மணிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார். 'என் சோதனையின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டதால்' என்று ஆரம்பித்து நாலே வரி. படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்பினார். நான்கு நிமிஷத்தில் பதில் வந்தது. வருத்தத்துடன் ஏற்றுக்கொள்வதாக இருந்தது.

ஆறு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, இப்பத்தான் ரயில் வந்து நின்னுது. சாப்பிட்டீங்களா? மிளகு நல்லா இருக்கா?"

"இருக்கு" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஏன் ஒரு மாதிரி பேசறீங்க? கரடியைப் பாத்துட்டீங்களா?"

அவர் தரையில் கிடந்த ஒற்றைக்கண் கரடியைப் பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க பொறுப்புன்னு சொன்னீங்கதான், ஆனா இத்தனை வருஷம் உங்ககூட குடித்தனம் பண்ணிட்டு, நாய் முன்னாடி கண்ணு வச்ச பொம்மையை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை. ஒண்ணை எடுக்கிறதுக்குள்ளயே ரெண்டு கத்திரிக்கோல் உடைஞ்சு, அதுக்குள்ள வண்டியும் வந்து நின்னுடுச்சு. எடுத்ததை உங்க குழாய்க்குள்ளதான் போட்டு மூடி வச்சிருக்கேன், எடுத்துப் பாருங்க, அளவெடுத்த மாதிரி உள்ள போகுது."