ஓசூர் சிங்கமும் ஒரு கன்னட வரியும்

பாஸ்கரனுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு முடிந்து சோர்ந்து வருகிறவன் ஒருவன். ஆர்குட்டில் ‘ஓசூர் சிங்கம்’ என்ற பெயரில் பிடரியைச் சிலுப்புகிறவன் இன்னொருவன். கம்பெனியில் எல்லோருக்கும் சிங்கத்தைத் தெரியும். வீட்டில் மட்டும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

காரணம் இருந்தது. சிங்கம் போடும் படங்களெல்லாம் மனைவியை அடக்கி ஆள்வது பற்றியே. படத்துக்கு மேலே தமிழில் வீராப்பு, கீழே கன்னடத்தில் ஒரு குத்து, இரண்டுமே இங்கிலீஷ் எழுத்தில். மாநில எல்லையான ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் மேல் வரிக்குச் சிரிப்பார்கள், அந்தப் பக்கம் கீழ் வரிக்கு. இரண்டும் தெரிந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் திருநெல்வேலிக்காரனான சிங்கத்துக்குக் கன்னடம் சுட்டுப் போட்டாலும் வராது. குத்து வரியெல்லாம் கன்னடமும் புழங்குகிற சூளகிரியில் பிறந்த மனைவி அனிதாவின் உபயம்.

“கம்பெனியில கன்னடக்காரங்ககிட்ட பேசணும்லா, அதான் கேக்கேன்” என்பான். அவள் நம்புகிறாள் என்று நம்பினான், பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கம் வாயைப் பிளந்து நிற்கிற படம். மேலே, ‘வீட்டுல யாரு ராஜா?’

“அனிதா, என்னைக் கேக்காம வீட்டுல ஒரு துரும்பு அசையாது. இதைக் கன்னடத்துல சொல்லு பாப்போம்.”

“இதைப் போயி கம்பெனில யார்கிட்டங்க பேசுவீங்க?”

“சூப்பர்வைசர்ட்டதான்.”

அனிதா பேனாவை அவன் பக்கம் தள்ளினாள். “எழுதிக்கங்க. முசுரெ திக்கோது நானே, கச குடிசோது நானே.”

இரண்டு ‘நானே’! பாஸ்கரனுக்குப் புல்லரித்தது. என்ன கம்பீரம்!

மறுநாள் கம்பெனி வாசலிலேயே வெங்கடப்பன் கட்டிப்பிடித்துக்கொண்டான். கன்னடக்காரன், பக்கத்து மெஷின்காரன்.

“செம குரு! மேல ராஜா யாருன்னு கேட்டுட்டு, கீழ ‘பாத்திரம் தேய்க்கறதும் நானே, வீடு கூட்டறதும் நானே’ன்னு போட்டியே! சிரிச்சுச் சிரிச்சு சோறு எறங்கல!”

எல்லைக்கு அந்தப் பக்க அத்திப்பள்ளியிலிருந்து இந்தப் பக்கக் காவேரிப்பட்டினம் வரை படம் பறந்திருந்தது. சாயங்காலத்துக்குள் ‘முசுரெ சிங்கம்’ என்று பெயரே மாறிவிட்டது. அவமானத்தில் பாஸ்கரனுக்குக் காது சுட்டது.

வீட்டுக்கு வந்து கர்ஜித்தான். “என் மானமே போச்சு! உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எந்தம்பி குருமூர்த்தி உங்க ரசிகனுங்க. ஒரு படம் விடாம காட்டிருவான்.”

“அதுக்காக இப்படிப் பொய்யா எழுதச் சொல்லுவியா?”

“அதுல எதுங்க பொய்யி?”

பாஸ்கரன் கையிலிருந்த தேய்ப்பு நாரை நனைத்து, குக்கரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். விளக்கு வைப்பதற்குள் வீட்டையும் கூட்டியாக வேண்டும்.