வெர்ஜில் இடுப்புல இருந்த வீக்கம்

நிறுத்துங்க பாய்ட். வெர்ஜிலுக்கு ஒரு துப்பாக்கியை மறைக்கத் துப்பில்லன்னு சர்ச்சு விருந்துல உக்காந்து சிரிச்சது போதும். சபைக்கு மூப்பர் மாதிரி டீக்கனா இருந்தா என்ன வேணா பேசலாமா? முழுசா கேட்டுட்டுப் பேசுங்க.

அந்த மனுஷன் ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். அவங்கப்பா தினம் இடுப்புல வச்சிருந்த பழைய பிஸ்டலை, அதே மாதிரி யாருக்கும் தெரியாம வச்சுக்கிட்டு தானும் ஊருக்குள்ள நடக்கணும். சின்ன வயசுல அப்பா பின்னாடியே நடந்து பார்த்துப் பார்த்து ஏங்கினது. ஆனா அப்பா போட்டது மார்வரைக்கும் ஏறுற தொளதொள ஓவரால். அதுக்குள்ள கன்னுக்குட்டியை ஒளிச்சாலும் தெரியாது. வெர்ஜிலோடது பொண்டாட்டி நாடீன் சுட்ட பிஸ்கட்டையும் கிரேவியையும் முப்பது வருஷமா மிச்சம் வைக்காத உடம்பு. பிஸ்டலோ செங்கல் கனம்.

முதல்ல ஒரு தோல் உறை வாங்கினான். உக்காந்தா விலாவுல குத்திச்சு. பிளாஸ்டிக் உறை வாங்கினான். வேர்த்தா தோலை உரிச்சுது. தோள்ல மாட்டுறதை வாங்கி, அதை மறைக்க ஜூலை மாசத்து டென்னசி வெயில்ல கோட்டு போட்டுக்கிட்டு தக்காளி வாங்கப் போனான். வேண்டாம்னு ஆன உறையெல்லாம் சமையலறை டிராயருக்குப் போச்சு. கரண்டிக்கு இடமில்ல.

"சின்னதா ஒண்ணு வாங்கிக்கோயேன் கண்ணு," ன்னா நாடீன்.

"எங்கப்பா சின்னதாவா வச்சிருந்தாரு?"

"உங்கப்பாவுக்குத் தொப்பை இருந்துச்சா?"

பந்தயம் அங்கதான் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடியுற வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலன்னா பிஸ்டல் இனி அவன் இடுப்புல. கண்டுபிடிச்சா அலமாரிக்குள்ள, சாவி நாடீன் கையில.

நம்ம சர்ச்சு வாசல்ல எல்லாரும் எல்லாரையும் கட்டிப்புடிப்போம்ல, அதை மனுஷன் மறந்துட்டான். முதல் ஆளா நீங்கதான் கட்டிப்புடிச்சு, இடுப்பைத் தட்டி, அப்பாவோடதான்னு ஊருக்கே கேக்குற மாதிரி கேட்டீங்க. அடுத்து வந்த யூலா அம்மா அது குடலிறக்கம்னு நெனச்சு, ஜெபத்துல அவன் பேரைச் சேர்த்து விட்டாங்க. சபையே எழுந்து நின்னு அவன் குடலுக்காக வேண்டிக்கிச்சு.

திரும்பி வரும்போது டிரக்குலயே நாடீன் கையில சாவியைக் கொடுத்துட்டு மெதுவா ஆரம்பிச்சான். கல்யாணம் ஆன புதுசுல, நீ நெடுஞ்சாலை ஓட்டல்ல ராத்திரி வேலை பாத்தப்ப ஒரு குட்டி ரிவால்வர் கொடுத்தேனே, உறையைக்கூட என் கையாலயே தச்சேனே, வாரை அளவு தப்பா வெட்டி உன் இடுப்புக்கே எட்டாமப் போச்சே, வீடு மாறினப்ப அது மட்டும் தொலையாம இருந்திருந்தா இப்ப எனக்கு உதவியிருக்கும்னு பெருமூச்சு விட்டான்.

நாடீன் தன்னோட நீளப் பாவாடை ஓரத்தை ஒரு சாண் தூக்கினா.

இடுப்புக்கு எட்டாத வார் கணுக்காலுக்குக் கச்சிதமா இருந்துச்சு. அதே கோணல் தையல். அவன் ஆணியால கீறின அவ பேரோட முதல் எழுத்து, எண்ணெய் போட்டுப் போட்டுப் பளபளன்னு. இத்தனை வருஷமா அவ நீளப் பாவாடை கட்டுறது பக்தின்னு நம்பினவன் டிரக்கை ஓரமா நிறுத்தினான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மறைச்சு வைக்கத்தானே கண்ணு தச்சுக் கொடுத்த."

இப்ப சொல்லுங்க பாய்ட். வாரம் தவறாம அவளையும்தானே கட்டிப்புடிச்சீங்க? வெர்ஜில் தச்ச உறையில இருந்த துப்பாக்கி ஒரு தடவையாவது உங்களுக்குத் தெரிஞ்சுதா? வர்ற ஞாயிறு மேடையேறி, மைக்கைப் புடிச்சு, அத்தனை பேர் முன்னாடியும் பதில் சொல்லுங்க.